பொட்டு தின்னும் விளக்கு

நான்காவது போட்டோ பிளேட்டும் கறுத்துப் போயிருந்தது.

தாணுமாலயன் அதை முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் பாலம் இல்லை, ஆறும் இல்லை. அடுப்புக்கரியைக் கரைத்துக் கண்ணாடியில் பூசின மாதிரி ஒரே கறுப்பு. ஒரு மூலையில் மட்டும் தென்னை ஓலை போல ஏதோ கோடு கோடாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது அது அவருடைய பெருவிரல் ரேகை.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவர் மனைவி சரஸ்வதி எட்டிப் பார்த்தாள்.

"ராத்திரியைப் போட்டோ பிடிச்சியளா?"

"பாலம்" என்றார் அவர்.

அவள் கீரைக்கே திரும்பினாள். போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் ஒன்றைக் காட்டிப் பாலம் என்று சொன்னார்.

தாணுமாலயன் மராமத்து ஆபீஸில் படம் வரைகிற உத்தியோகஸ்தர். வயது முப்பத்தெட்டு. சுசீந்திரத்துக்காரர், திருவனந்தபுரத்தில் ஆரியசாலைக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. ஆபீஸின் பெரிய இன்ஜினீயர் இன்னும் மூன்று மாதத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகிறார். அவர் கட்டிவரும் கடைசிப் பாலத்தை அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர்வரை படங்களாக எடுத்து ஓர் ஆல்பம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்போது தாணுமாலயன் எழுந்து நின்று, தானே எடுத்து, தானே கழுவி, தானே தாளில் அச்சும் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். பழைய காமிரா ஒன்று வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

படம் கழுவ இருட்டு வேண்டும். வீட்டில் ஜன்னல் இல்லாத நெல் அறை ஒன்று இருந்தது. பட்டப்பகலிலும் உள்ளே கையை நீட்டினால் கை தெரியாது. சரஸ்வதியின் அதே ஜாடையுள்ள அக்காள் முத்தாரம்மாள் அங்கிருந்த பானைகளையும் புளியையும் ஒரே நாளில் எடுத்து அடுக்களைக்கு மாற்றிக் கொடுத்தாள். அவள் புருஷன் தவறிப்போன பிறகு மூன்று வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். தங்கை புருஷன் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். வீட்டில் மைனி இருக்கிறாள் என்பது தாணுமாலயனுக்கு ரசத்தின் ருசியிலிருந்துதான் தெரியும்.

வாசலில் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டாகிவிட்டது. தட்டுகள் வந்தன, மருந்துகள் வந்தன. விளக்கு ஒன்றுதான் சரிவரவில்லை. மாணிக்கச் சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் திறக்கவும் என்று பிளேட் பெட்டியின்மேல் போட்டிருந்தது. தாணுமாலயன் அரிக்கேன் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வர்ணத்தாளை ஒட்டினார். பிளேட் கறுத்தது. இரண்டு சுற்று ஒட்டினார். மறுபடியும் கறுத்தது. மூன்றாவது சுற்று தீப்பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் ஒரு டஜன் பிளேட்டும் ஒன்றாகக் கறுத்தன.

சயன்ஸ் காலேஜ் லாபரட்டரியில் அட்டெண்டராக இருந்த கோலப்பன் அவருடைய ஊர்க்காரன், பால்ய சிநேகிதன். அவன்தான் வழி சொல்லிக் கொடுத்தான். பிளேட்டின்மேல் ஒரு சக்கரக் காசை வைத்து, விளக்குக்கு முன்னால் ஐந்து நிமிஷம் வைத்திருந்து, பிறகு கழுவிப் பார்க்க வேண்டும். காசின் வட்டம் விழுந்தால் அந்த விளக்கு ஆகாது. விழாவிட்டால் அந்த விளக்கை நம்பலாம். தாள் எல்லாம் ஒத்துவராது, ரத்தம் உறைந்த மாதிரி கனத்த சிவப்புக் கண்ணாடி வேண்டும் என்றும் சொன்னான்.

கண்ணாடி சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கிற சாய்புவிடம் கிடைத்தது. வலியதுறையில் உடைத்துப் போட்ட ஏதோ தோணியின் பக்கவிளக்கில் இருந்த கண்ணாடி. கறுப்பா சிவப்பா என்று தெரியாத நிறம். வெயிலுக்கு நேரே பிடித்தால்தான் உள்ளே நெருப்பு மாதிரி ஒன்று எழுந்தது.

"தோணி எதுக்கு உடைச்சாவ?" என்று தாணுமாலயன் கேட்டார்.

சாய்பு காகிதத்தில் சுற்றிக்கொண்டே மலையாளம் கலந்து சொன்னார். "அதில போன நாலு பேரும் திரிச்சு வந்நில்லா. தோணி மட்டும் வந்நு. கண்ணாடிக்கு ஒரு குழப்பமும் இல்லா, கேட்டோ."

தகர வேலைக்காரனிடம் கொடுத்துப் பெட்டி செய்து, உள்ளே விளக்கை வைத்து, அடுத்த ஞாயிறு மத்தியானம் இரண்டரை மணிக்கு நெல் அறையில் காசுப் பரீட்சை நடந்தது. வட்டம் விழவில்லை. தாணுமாலயனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பாலத்தின் முதல் தூணைக் கழுவத் தொடங்கினார். தட்டில் மருந்து அலைய அலைய, ஒன்றுமில்லாத கண்ணாடியில் முதலில் வானம் கறுத்தது, பிறகு தூண் வெளுப்பாக எழுந்து வந்தது. அறை முழுவதும் அடுப்பு அணைகிற நேரத்துச் சிவப்பு. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"காப்பி."

கம்பளிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. சரஸ்வதியின் குரல் என்றுதான் பட்டது; ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசின மாதிரி தாழ்ந்து கேட்டது.

"வா" என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கம்பளி விலகி மூடியது. தாணுமாலயன் நிமிர்ந்து பார்த்தார்.

கையில் தம்ளருடன் நின்ற அவளுடைய முகம் மெழுகில் செய்த மாதிரி வெளுத்திருந்தது. உதடு இருக்கிற இடம் தெரியவில்லை. உடுத்தியிருந்தது வெள்ளை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. துடைத்து விட்ட நெற்றி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நெல்பெட்டியின் மூடிமேல் தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்கவில்லை. கம்பளி மறுபடி விலகி மூடியது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று அவருக்குத் தெரியாது. வெளியே வந்தபோது சரஸ்வதி அடுக்களை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரக்குச் சேலை, கை நிறைய வளையல், நெற்றியில் எப்போதும்போல் குங்குமம்.

"காப்பி ஆறிப்போச்சோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றார். காப்பியைத் தொடவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. என்ன பார்த்தேன் என்பதையும் சொல்லவில்லை. எந்த மனைவியிடம் அதைச் சொல்ல முடியும்?

அந்த வாரம் முழுவதும் ஆபீஸில் கோடு கோணலாக விழுந்தது. சனிக்கிழமை சாயந்திரம் துணிந்து பேச்சை எடுத்தார். பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன என்று கேட்டார். சரஸ்வதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளுக்கு நெற்றி இருக்கிறது என்பதையே அவர் இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

"என்னத்துக்கு?"

"சும்மாதான். லெட்சணமா இருக்கும்லா."

அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் காலையில் ஒரு சக்கரக் காசு அகலத்துக்கு வட்டமாகப் பொட்டு வைத்துக்கொண்டு, நாடகத்தில் வேஷம் கட்டினவள் மாதிரி வீட்டுக்குள் நடந்தாள். தாணுமாலயன் அதைக் கண்ணாரப் பார்த்தார். மூன்று மணிக்குக் கம்பளி விலகியது. நெற்றி வெறுமையாக இருந்தது. அவ்வளவு பெரிய பொட்டு, மருந்துக்குக்கூட மிச்சமில்லை.

அடுத்து அவர் ரத்தச் சிவப்பில் ஒரு சேலை வாங்கி வந்தார். அந்த நிறத்தைப் பார்த்து ஜவுளிக்கடைக்காரரே இது உங்கள் வீட்டுக்குத்தானா என்று இரண்டு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சரஸ்வதி அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தாள். மத்தியானம் அதே சேலையுடன் இலை போட்டாள். மூன்று மணிக்கு நெல் அறையில் நின்றவள் உடுத்தியிருந்தது வெள்ளை.

அன்று சாயந்திரம் சரஸ்வதி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பதினோரு வருசமா இல்லாத சேலை இப்பம் என்னத்துக்கு? யாரு அவ? பேரைச் சொல்லிருங்கோ, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"யாருமில்லை, சரசு."

"பின்னே என்னத்துக்கு என் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் கண்ணு நெறையுது?"

தாணுமாலயன் எழுந்து வெளியே போனார். போன வேகத்தைப் பார்த்துச் சரஸ்வதி தன் சந்தேகம் சரிதான் என்று முடிவு செய்துகொண்டாள். இரண்டு நாள் சாதத்தைத் தட்டில் வைக்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

கரமனை ஆற்றங்கரையில் ஒரு ஜோஸ்யர் இருந்தார். தாணுமாலயன் அவரிடம் போய், தன் சிநேகிதர் ஒருவருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது என்று விவரித்தார். ஜோஸ்யர் சோழிகளை நகர்த்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு செவ்வாயின் நிறம், அது நல்லதுக்கு வரவில்லை, சிநேகிதர் அந்த விளக்கை உடனே பச்சையாக மாற்ற வேண்டும், பச்சை புதனுடையது, சாந்தம் கொடுக்கும் என்று சொன்னார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "சிநேகிதருக்கு வயசு என்ன?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு."

"அப்பம் நாளைக்கே மாத்தச் சொல்லும்" என்றார். சோழிகளைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

பச்சைக் கண்ணாடி சுலபமாகக் கிடைத்தது. அறை பாசி பிடித்த குளத்தின் அடிப்பக்கம் போல ஆயிற்று. தன் கையே தனக்குத் தண்ணீரில் ஊறின கை மாதிரி தெரிந்தது. அன்று கம்பளிக்கு அப்பால் குரல் கேட்டதும் தாணுமாலயன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். தம்ளர் கைக்கு வரவில்லை, கை தம்ளரைத் தட்டியது. காப்பி முழுவதும் மருந்துத் தட்டில் கொட்டியது. கண்ணைத் திறந்தபோது அறையில் யாருமில்லை. தட்டில் கிடந்த பிளேட்டுகள் காப்பியாலா, பச்சை வெளிச்சத்தாலா என்று சொல்ல முடியாதபடி கறுத்துக் கிடந்தன. நடுத்தூண் நான்கும் போய்விட்டன. அவற்றைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை; மேலே தளம் போட்டுச் சாரத்தால் மறைத்தாகிவிட்டது. பெரிய இன்ஜினீயருக்குக் கால் இல்லாத பாலம்தான் கிடைக்கும்.

மறுநாள் ஆபீஸில் பெரிய இன்ஜினீயரே வந்து ஆல்பம் எப்படி வருகிறது என்று விசாரித்தார். கறுப்பாக வருகிறது என்று தாணுமாலயன் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிவிட்டுப் போனார். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். திரும்பச் சிவப்பு விளக்குக்கே வர வேண்டியதாயிற்று.

இதற்குள் அவர் மனசில் ஓர் எண்ணம் வேர்விட்டிருந்தது. பிளேட்டில் படம் காமிரா திறந்த அந்த நொடியிலேயே விழுந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே கிடக்கிறது. மருந்து அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அப்படியானால் இந்த விளக்கும் ஒரு மருந்து. இனிமேல் வரப்போகிற சரஸ்வதி ஒருத்தி இப்போதே சரஸ்வதிக்குள் இருக்கிறாள். நாலு பேரை விழுங்கிய கண்ணாடி அவளை ஞாயிறுதோறும் மூன்று மணிக்குக் கையில் தம்ளருடன் வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது.

அப்படி நினைத்த பிறகு அவருக்குப் பயம் போய் வேறொன்று வந்தது. தன்னைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி. முப்பது வயதுகூட ஆகாதவள். பூ என்றால் உயிர். பொட்டு இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு. கடைசிப் பிளேட்டில் பாலத்தின் வளைவு தெளிவாக எழுந்துகொண்டிருந்தது. "காப்பி" என்று குரல் கேட்டது. "வா" என்றார். வந்து நின்றாள். அவர் நிமிரவில்லை. தட்டை அசைத்துக்கொண்டே, எதிரே இருந்த சுவரைப் பார்த்துப் பேசுகிறவர் மாதிரி பேசினார்.

"ஆம்பிளை போயிட்டா பொம்பிளை நெத்தியை என்னத்துக்குத் தொடைக்கணும்? அவன் வரதுக்கு முன்னாலயும் பொட்டு இருந்ததுதானே. ஊரு நூறு சொல்லும். இந்த வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லப்பிடாது. நான் சொல்லுகேன், பொட்டு வச்சுக்கோ."

தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சிவப்பு இருட்டில் மூச்சு ஒன்று உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற விம்மல். தம்ளரை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

தாணுமாலயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று பின்னாலேயே வெளியே வந்தார். சரஸ்வதி முற்றத்தில் உட்கார்ந்து பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. வாயில் ஏதோ பாட்டுக்கூட இருந்தது. அவரைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதுச் சேலை விவகாரம் இன்னும் தீரவில்லை.

அப்போது உள்ளே அழுதது யார்?

முற்றத்து வெயிலில் நின்றுகொண்டே தாணுமாலயன் ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணினார். இனி அதிக நாள் இல்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். வருகிறவள் அழவும் தொடங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காமிராவையும் சிவப்பு விளக்கையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு காலேஜ் லாபரட்டரிக்குப் போனார். கோலப்பன் பித்தளைத் தராசுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதை நீ வச்சுக்கோ" என்றார்.

"ஆல்பம் முடிஞ்சுதா?"

"நான்தான் முடிஞ்சேன்."

கோலப்பன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வெறும் நெற்றி, வெள்ளைச் சேலை, ரத்தமில்லாத உதடு, ஜோஸ்யர், நான்கு தூண்கள். அழுகையை மட்டும் சொல்லவில்லை. அது தனக்கும் அவளுக்கும் உள்ளது என்று பட்டது. கோலப்பன் முதலில் கவலையோடு கேட்டான். சேலை வெள்ளையான கட்டம் வந்ததும் அவன் மீசை துடிக்கத் தொடங்கியது. பிறகு எழுந்துபோய்க் கதவை அடைத்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டான். ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துச் சிவப்புப் பென்சிலால் பெரிதாகத் தாணு என்று எழுதினான். சிவப்பு விளக்கை ஏற்றி அதன் முன்னால் காகிதத்தைப் பிடித்தான்.

"வாசியும்."

தாணுமாலயன் குனிந்து பார்த்தார். காகிதத்தில் எழுத்தே இல்லை. வெறும் தாள்.

"பாத்தீரா, ஓய். நீர் செத்தாச்சு" என்றான் கோலப்பன். உடனே திரையை விலக்கினான். வெயிலில் தாணு என்ற பெயர் சிவப்பாக, தடிமனாக, சௌக்கியமாக இருந்தது.

அதன் பிறகு அவன் பொறுமையாக விளக்கினான். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பாகத்தான் தெரியும், சிவப்பும் சிவப்பாகத்தான் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கு அகப்படாது. குங்குமம் நெற்றியோடு கலந்துவிடும். சிவப்புச் சேலை வெள்ளையாகும். உதடு காணாமல் போகும். லெட்சுமியையே கொண்டுவந்து அந்த விளக்கின் முன்னால் நிறுத்தினாலும் விதவையாகத்தான் தெரிவாள். சேலையை நீர் பச்சையில் வாங்கியிருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டீர் என்றும் சொல்லிச் சிரித்தான்.

தாணுமாலயன் அந்தக் காகிதத்தைத் தானே வாங்கி விளக்குக்கு முன்னாலும் வெயிலிலுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்றி மாற்றிப் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தார். கடைசியில் அவரும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலோரம் போன வாத்தியார் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புறப்படும்போது கோலப்பன் ஒரு மஞ்சள் ஆரஞ்சுக் கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பிளேட் கழுவுகிற வேலை முடிந்துவிட்டது, இனித் தாளில் அச்சுப் போடுவதுதானே பாக்கி. தாளுக்கு அவ்வளவு சிவப்பு வேண்டாம், இந்த வெளிச்சமே போதும், ஒன்றும் கெடாது. இதில் மனுஷர் மனுஷராகத் தெரிவார்கள்.

"பொட்டு?" என்று கேட்டார் தாணுமாலயன்.

"கறுப்பா, கண்ணுல குத்துத மாதிரித் தெரியும். போய்ப் பாரும்."

சரஸ்வதியிடம் இப்போதே சொல்ல வேண்டாம் என்று தாணுமாலயன் வழியிலேயே முடிவு செய்தார். முதலில் அந்தப் பொட்டை அந்த அறையில் வைத்துத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அவளையும் சிரிக்கவைக்க வேண்டும். சேலைக்குக் காரணமும் தெரிந்துவிடும். ஐந்து நாளும் அவர் வீட்டில் சீட்டியடித்துக்கொண்டு நடந்தார். சரஸ்வதி அந்தச் சீட்டியையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஆறாவது ஞாயிறு. நெல் அறையில் ஆரஞ்சு வெளிச்சம் சாயங்கால வெயில் போலப் பரவியிருந்தது. காசுப் பரீட்சையில் வட்டம் விழவில்லை. தட்டில் முதல் தாள் மிதந்தது. வெள்ளைத் தாளில் பாலத்தின் வளைவு மெதுவாக வந்தது, கீழே ஆறு வந்தது, அக்கரையில் குனிந்து துணி துவைக்கிற ஒருத்தி வந்தாள். படம் எடுக்கும்போது அவள் அங்கே இருந்ததையே தாணுமாலயன் பார்க்கவில்லை. அறையில் இப்போது பயப்பட ஒன்றும் இல்லை. சொட்டுகிற தண்ணீர்கூடச் சாதாரணத் தண்ணீராகத்தான் சொட்டியது. அவர் மணி மூன்று ஆவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"காப்பி."

"வா, வா" என்றார். தாளைத் தட்டிலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

கம்பளி விலகியது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவர் பயமில்லாமல் நெற்றியைப் பார்த்தார். இரண்டு புருவத்துக்கும் நடுவில், சின்னதாக, வட்டமாக, கறுப்பாக, கோலப்பன் சொன்ன மாதிரியே, பொட்டு.

தாணுமாலயனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"இருக்கு" என்றார். "பொட்டு இருக்கு. இதை ஒருக்கா பாக்கணும்ணுதான் இத்தனை நாளும் நான் உயிரைக் கையில பிடிச்சிட்டு நின்னேன்."

அவள் தம்ளரை நெல்பெட்டியின் மூடிமேல் வைத்தாள். தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அதே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சரசுவுக்கு இருட்டுன்னா சின்னதுலேர்ந்தே பயம், மாப்பிளை; அவ இந்த அறைக்குள்ள ஒரு நாளும் கால் வச்சதில்லை, ஆறு ஞாயிறும் காப்பி கொண்டு வாறது நான்தான், போன ஞாயிறு நீங்க வச்சுக்கோன்னு சொன்ன பெறவுதான் இன்னைக்குப் பொட்டு வச்சேன்."